சுரூபத்துக்குக் கலப்பத்து

சாத்தான்குளத்துக்கு மேற்கே எங்கள் ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு எந்த வேலையிலும் நான் அதிக நாள் தங்கியதில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் பாதம் புண்ணாயிற்று. ஆறுவதற்குள் உப்பு மறுபடி தின்றது, விட்டுவிட்டேன். பிறகு துறைமுகத்துக் குடோன்களில் புகை போடும் கும்பலில் சேர்ந்தேன். அரிசி மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே மாத்திரை வைத்து, விளிம்பெல்லாம் மணல் மூட்டையால் அழுத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மாத்திரையிலிருந்து கிளம்பும் விஷக்காற்று வண்டைக் கொல்லும். ஒரு தடவை எங்கள் ஆள் ஒருவர் மறந்துபோன துண்டை எடுக்கத் தார்ப்பாயைத் தூக்கித் தலையை உள்ளே நீட்டினார். காலைப் பிடித்து இழுத்துப் போட்டோம். பிழைத்தார். ஆனால் அதற்குப் பின் நாலு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். அந்த வேலையையும் விட்டேன்.

அப்படித்தான் எழுபதுகளின் நடுவில், கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் இருந்த மியூசியத்துக்குக் கூட்டிப் பெருக்க வந்து சேர்ந்தேன். மியூசியம் என்பது ஒரே ஒரு நீளமான அறை. பஞ்சடைத்த கூழைக்கடா, சுறாவின் தாடை, முத்துக்குளிப்பவர்கள் காலில் கட்டி இறங்கும் கல், இழுப்பறை நிறையச் சங்குகள். விலங்கியல் ஆசிரியர்தான் அதற்குப் பொறுப்பு. இரவு அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றார். அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த அறையில் பெருக்குவது சின்ன வேலை, பூச்சியைத் தேடுவதே பெரிய வேலை என்று. ஆசிரியர் ஒவ்வொரு பொருளுக்கு அடியிலும் வெள்ளைத்தாள் விரித்து வைத்திருந்தார். காலையில் எதிலும் கை வைக்கும் முன் தாளைப் பார்க்க வேண்டும். கூழைக்கடாவின் தாளில் மயிர் முளைத்த சட்டை மாதிரி ஏதோ கிடக்கும். கருவாட்டில் விழும் அதே வண்டின் புழு உரித்துப்போட்ட தோல் அது. பெயர்ச்சீட்டுகளின் ஓரம் சுரண்டியிருந்தால் வெள்ளிப்பூச்சி. மரத்துக்கு அடியில் மாவு மாதிரித் தூள் இருந்தால், பழுப்பேறியிருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். பழுப்பென்றால் பழைய தூள். வெளிறியிருந்தால் உள்ளே யாரோ இன்னும் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஒரு தாள் மட்டும் என்றைக்கும் சுத்தமாக இருந்தது. அது சுரூபத்தின் தாள். இரண்டடி உயர மரப் புனிதர், தலையில் பித்தளை முடி. கொழும்புக்குப் போய்வந்த ஒரு பழைய தோணியில் காவலாக நின்றவர். தோணியை உடைத்தபோது அதன் தண்டல், அதாவது அதை ஓட்டிய தலைவர், சுரூபத்தை மியூசியத்துக்குக் கொடுத்தார். வேறு தோணிக்குத் தண்டலாகப் போன பிறகும், ஒவ்வொரு பயணத்துக்கு முந்தின நாளும் இங்கே வந்து முத்தி செய்துவிட்டுத்தான் கடலேறுவார். கொடுக்கும்போதே அந்த நிபந்தனையோடுதான் கொடுத்தாராம். குனிந்து சுரூபத்தின் பாதத்தில் உதட்டை வைத்தால், வெகுநேரம் எடுக்க மாட்டார். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்து அங்கங்கே தடவுவார். எண்ணெய் போடுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்து மார்கழி வெயிலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தோம். சுரூபத்தைத் தூக்கப் போனவன் கனமாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். முருங்கைக் கட்டையைத் தூக்கிய மாதிரி வந்துவிட்டது. ஆசிரியரிடம் சொன்னேன். அவர் விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு லென்ஸ் வைத்துப் பாதத்தைப் பார்த்தவர், ஊசியால் ஓர் இடத்தைக் கிளறினார். குங்கிலியம் பூசிய பஞ்சுத் திரி ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தூள் கொட்டியது. வெளிறிய தூள். கால் முழுக்க, அங்கியின் விளிம்பு முழுக்க, அப்படி அடைத்த ஓட்டைகள்.

அந்த வாரமே தண்டல் வந்தார். அடைத்தது யார் என்று ஆசிரியர் கேட்டார்.

“நாந்தான். வேற எவன் அடைப்பான்?” என்றார் தண்டல். என்னைக் கையால் காட்டினார். “இவனுக்கு வெளக்குமாறு புடிக்கத்தான் தெரியும்.”

தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சை அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதற்குக் கலப்பத்து என்று பெயர். தண்ணீர் புகாமலிருக்கச் செய்வது. புழு துளைத்த ஓட்டைகளையும் அப்படியே அடைப்பார்கள், புழு செத்துவிடும். தோணிக்குச் செய்ததையே சுரூபத்துக்கும் செய்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புது ஓட்டை பார்த்து, ஒன்று விடாமல்.

ஆசிரியர் கோபப்படவில்லை. அவரை உட்காரவைத்துச் சொன்னார். கடல் புழு தன் ஓட்டையை விட்டு வெளியே வராது, ஓட்டை வாய் வழியாகத்தான் அதற்குத் தண்ணீர், அதனால் அடைத்தால் சாகும். இது தரை வண்டு. மரத்துக்குள் புழுவாக வருஷக்கணக்கில் தின்னும், தண்ணீரும் வேண்டாம், வெளிக்காற்றும் அவ்வளவாக வேண்டாம். வண்டான பிறகு வெளியேறத்தான் ஓட்டை போடும். அந்த ஓட்டை கண்ணில் படும்போது அதைப் போட்ட வண்டு போய்விட்டிருக்கும், மற்றவை உள்ளே இருக்கும். ஓட்டையை அடைத்ததால் தூளும் தாளில் விழவில்லை.

தண்டல் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“களவாணி போன பொறவு கதவச் சாத்திருக்கேன்,” என்றார். “அவன் பிள்ளையளையும் உள்ள வச்சுச் சாத்திருக்கேன்.”

வைத்தியம் என்னவென்று கேட்டார். டி.டி.டி.யை மண்ணெண்ணெயில் கலந்து ஓட்டைகளில் ஊற்றி மேலெல்லாம் தடவ வேண்டும் என்றார் ஆசிரியர். ரொம்ப நாளைக்கு மருந்து மரத்திலேயே நிற்கும், புது வண்டும் வராது.

“தடவினா நான் எங்கன முத்தி செய்ய?”

“செய்யக் கூடாது, அண்ணாச்சி. வாயில விஷம் படும்.”

“ஒரு நாளுமா?”

“ஒரு நாளும்.”

அப்படியானால் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று தண்டல் எழுந்தார். வீட்டில் வைத்தால் இரண்டு மழைக்குத் தாங்காது என்று ஆசிரியர் சொன்னார். தண்டல் உட்காரவில்லை, போகவும் இல்லை. மருந்து தடவினால் சுரூபம் பிழைக்கும், இவர் முத்தி செய்ய முடியாது. தடவாவிட்டால் சுரூபமே இருக்காது. ஆசிரியர் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, குடோனில் புகை போட்ட அரிசியை என்ன செய்வார்கள் என்று கேட்டார். காற்றாட வைத்து லாரியில் ஏற்றுவார்கள், ஜனங்கள் சாப்பிடுவார்கள் என்றேன். அந்த விஷக்காற்று மரத்தில் தங்காதா என்று துறைமுகத்துக்குப் போய் அவரே விசாரித்து வந்தார். தங்காது, அதனால் புது வண்டு வராமல் தடுக்காது, அதற்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் வாய் வைக்கலாம் என்றார். புகை போட நீ இருப்பாயா என்று கேட்டார். எனக்கு மனமில்லை. இருக்கிறேன் என்றேன்.

பழைய கும்பலின் மேஸ்திரி வந்து மாத்திரை வைத்தார். பித்தளை கறுத்துவிடும் என்று முடியைக் கழற்றினோம். திரிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, மூடி போட்ட இரும்பு டிரம்முக்குள் சுரூபத்தை நிறுத்தி, இடுக்குகளை ஒட்டி, பின்பக்கத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டினோம். குளிர்நாள் என்பதால் கூடுதல் நாள் திறக்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். பொங்கலுக்கு ஆசிரியர் ஊருக்குப் போனார். சாவி என்னிடம் இருந்தது.

திறக்கும் நாளுக்கு முன்பே தண்டல் வந்துவிட்டார். சரக்கு ஏற்றியாகிவிட்டது, காற்றும் வாகாக இருக்கிறது, விடிந்ததும் பாய் விரிக்க முதலாளி சொல்லிவிட்டார். மூடியைக் கொஞ்சம் தூக்கு, விரலால் தொட்டுவிட்டுப் போகிறேன் என்றார். முடியாது என்றேன்.

“ஏலே, நீ எந்த ஊரு?”

“சாத்தான்குளம் பக்கம்.”

“அதான். தண்ணியக் கண்டிருந்தால்லா தெரியும்.”

துண்டை எடுக்கப் போனவரைப் பற்றி அவரிடம் சொன்னேன். படி ஏறும்போது அவர் எப்படி நின்று நின்று ஏறுவார் என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு டிரம்மின் பக்கம் கையை நீட்டினார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிட இரண்டு மடங்கு பலம் அந்தக் கையில் இருந்தது. உதறினால் நான் கீழே கிடந்திருப்பேன். அவர் உதறவில்லை.

“தொடாம ஒரு தடவகூடப் போனதில்ல, தம்பி,” என்றார்.

நான் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கையை உருவிக்கொண்டு, டிரம்முக்கு நேராக நின்று சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நாட்களில் நான் கடற்கரைப் பக்கம் அதிகம் போனேன். தோணிகள் வரும் இடத்தில் நின்றால் யாராவது ஏதாவது பேசுவார்கள். ஒரு நாள் காற்று திசை மாறி அடித்தது. கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தண்டல் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று இருட்டும்வரை கரையிலேயே நின்றேன். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கும் நான் டிரம்மைத் திறக்காததற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டில் யாரும் அப்படி நினைக்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

ஆசிரியர் திரும்பியதும் டிரம்மைத் திறந்து ஒதுங்கி நின்றோம். நன்றாகக் காற்றாடவிட்டு, பாதத்தை ஒரு தாளின் மேல் தட்டினோம். அரிசி மாதிரிச் சுருண்ட புழுக்கள் விழுந்தன. ஒன்றும் அசையவில்லை. ஆனால் காலில் மிஞ்சியிருந்தது முட்டையோட்டுக் கனம்தான். கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால் நல்லது என்று ஆசிரியர் சொன்னார். பெட்டியும் கொண்டுவந்தார். மூடவில்லை. தண்டல் வரட்டும் என்றார்.

வந்தார். தோணியிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார், வேட்டியெல்லாம் உப்பு. பயணத்தைப் பற்றி ஆசிரியர் கேட்டதற்கு, போனோம் வந்தோம் என்றார். இனி முத்தி செய்யலாம், விஷமில்லை, ஆனால் கால் ரொம்ப மெலிந்திருக்கிறது என்று ஆசிரியர் சொன்னார்.

தண்டல் குனிந்தார். பாதத்துக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் முகம் நின்றுவிட்டது. அப்படியே என்னைக் கூப்பிட்டார்.

“பொறத்தால நின்னு புடிச்சுக்கிடு. என் மீசக் கனம் தாங்குமோ என்னமோ.”

நான் பின்னால் போய் இரண்டு கையாலும் சுரூபத்தின் அங்கியைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதட்டை வைத்தார். மரத்தில் ஒரு அசைவும் இல்லை. வைத்ததுகூட என் கைக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்த பிறகுதான் பிடியை விட்டேன்.