மிச்சம் பிடித்த வெயில்

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மிச்சம்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். பஸ் ஓட்டுநர். இறக்கம் வந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், சிக்னல் நீண்டால் எஞ்சினை அணைத்துவிடுவார், பிரேக்கை வீணாக மிதிக்கமாட்டார். டீசல் மிச்சம் பிடித்ததற்கான பாராட்டுப் பத்திரம் வருடா வருடம் அவருக்கே வந்ததில், மற்ற ஓட்டுநர்கள் அந்தப் போட்டிக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டார்கள்.

உடனே கஞ்சன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். கஞ்சனுக்குக் கொடுக்க மனசு வராது. இவருக்கு வீணாவது பொறுக்காது. பஸ்ஸில் இடமிருக்கிற வரை, ஸ்டாப்பில் கை காட்டிய ஒருவரையும் அவர் விட்டுவிட்டுப் போனதில்லை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாமல் ஸ்டாப்பைத் தாண்டிப் போக நேர்ந்த நாட்களில், வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்காது. "ஒரு அம்மா மழையில நின்னுது. எடமே இல்ல. கண்ணு முன்னாடியே விட்டுட்டு வந்துட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் அதே மனுஷன்தான். பற்பசை டியூபைக் கத்தரியால் வெட்டி உள்ளே வழிப்பார். தேய்ந்த சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுவார். காக்கி யூனிஃபார்மை இஸ்திரி போடவே மாட்டார். மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே படுத்துத் தூங்குவார். காலையில் எடுத்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். மனைவி முதலில் சிரித்தாள், பிறகு பழகிவிட்டாள்.

மனைவி தையல்காரி. முன் அறையில் ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மெஷின், பக்கத்தில் இஸ்திரி மேசை, சுவரில் கொக்கி கொக்கியாக முடித்த துணிகள். அந்தத் தெருவில் மின்சாரம் விருந்தாளி மாதிரி, வருவதும் போவதும் அதன் இஷ்டம். கரண்ட் போனால் அவள் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மிதி பெல்ட்டை மாட்டிக் காலால் மிதிப்பாள். மாலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. "இனிமே நீ மிதிக்கவே வேணாம். மொட்டை மாடியில சோலார் போடுறேன். பேட்டரியோட" என்றார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைக்கும் வேலை அப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருந்தது. அவள் அதுவரை எடுத்ததிலேயே பெரிய வேலை அது. பள்ளி திறப்பதற்குள் கொடுத்துவிட்டால் வருடா வருடம் அவளுக்கே. தவறினால் கடைவீதி தையல் கடைக்குப் போய்விடும்.

சோலார் போட வந்தவன் அவளுடைய தம்பிதான், அவனுக்குத் தொழிலே அது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரம் எதுவரை போகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தான். துணி காயப்போடும் கம்பியைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினான். இரும்புச் சட்டத்தைச் சரிவாக நிறுத்திப் பேனல்களை வரிசையாக முடுக்கினான். இன்வெர்ட்டரும் பேட்டரியும் வெயில் படாமல், காற்றோட்டமாக மாடிப்படிக்குக் கீழே போயின. நம்ம ஆள் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே திரிந்தார். மைத்துனன் வெட்டிப் போட்ட வயர்த் துண்டுகளைக்கூடப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.

பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம் என்று மைத்துனன் சொல்லிக் கொடுத்தான். அங்கேதான் ஆரம்பித்தது வினை. முதல் முறையாக நூறு என்று வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ மகள் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிவிட்ட மாதிரி போனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் மதியம் கரண்ட் போனது. அவள் மோட்டாரை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே, இஸ்திரிப் பெட்டியையும் போட்டாள். அடுத்த நிமிடம் அவர் போனோடு ஓடி வந்தார்.

"நிறுத்து நிறுத்து! எறங்குது பாரு!"

"எறங்கத்தானே செய்யும்?"

"இப்பவே தீர்த்துட்டா, நாளைக்குப் பெரிய கரண்ட் கட்டா வந்தா என்ன பண்றது? இது சின்ன கட்டுதான். கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவள் பொறுத்துக்கொண்டாள். அடுத்து வந்ததும் சின்ன கட்டுதான். அதற்கடுத்ததும் அப்படியே. அவர் கணக்கில் பெரிய கட்டு என்று ஒன்று வரவே இல்லை. இன்வெர்ட்டருக்கு மேல் ஒரு துணியைப் போர்த்தினார். சாதாரண நேரத்தில் பேட்டரியைத் தொடாதபடி மாற்றி வைக்கச் சொல்லி மைத்துனனை நச்சரித்தார். அவனும் 'அக்கா வீட்டுக்காரர் சொல்றாரே' என்று மாற்றிக் கொடுத்தான். வீட்டில் ஃபேன் சுற்றினால் அணைப்பார், லைட் எரிந்தால் அணைப்பார். பேட்டரி நூறிலேயே நின்றது. அவர் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். கரண்ட் போகும்போதெல்லாம் அவள் பழையபடி மிதி பெல்ட்டை மாட்டினாள். முதலில் திட்டிக்கொண்டே மிதித்தவள், பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டாள். அது அவருக்கு நல்ல சகுனமாகப் பட்டது. ஆண்களுக்கு இந்த விஷயத்தில் மூளை கொஞ்சம் மந்தம்தான்.

பள்ளியிலிருந்து ஒரு நாள் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். "பாதிகூட முடியலையேம்மா. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்" என்றார். அவர் போன பிறகு அவள் ஊசியில் நூல் கோத்தாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவர், "இன்னும் வேகமா மிதிச்சா முடிஞ்சிடும்" என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தார்.

அவள் தலை நிமிர்ந்தாள். "எனக்குன்னுதானே வாங்குனீங்க?"

"ஆமா. உனக்குத்தான்."

"இப்ப என்கிட்ட இருந்தே அதைக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

போனவர் அங்கே போனைப் பார்த்து இன்னொரு அதிர்ச்சி வாங்கிக்கொண்டார். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பேனல்கள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று போன் காட்டும் இடத்திலோ, ஒன்றுமே செய்யாத மாதிரி ஒரு சொற்ப எண். முதல் நாட்களில் சுறுசுறுப்பாக இருந்தவை இப்போது படுத்துவிட்டன. தூசியாக இருக்கும் என்று வாளியில் தண்ணீர் கொண்டு வந்து துடைத்தார். தன்னுடைய நல்ல துண்டையே எடுத்துத் துடைத்தார் என்றால் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண் அசையவில்லை. மைத்துனனைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தார். "மச்சான், பேனல் புஸ்ஸுன்னு போயிடுச்சு. சொந்தக்காரன்னு கெட்ட சரக்கைத் தலையில கட்டிட்டியா?"

அவன் அலறியடித்துக்கொண்டு வந்தான். பேனலைப் பார்த்தான், இன்வெர்ட்டர் மேலிருந்த துணியை எடுத்தான், போனைப் பார்த்தான். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, பேனல் நல்லாத்தான் இருக்கு. பேட்டரி நெறஞ்சு போச்சு. வீட்டுலயும் எல்லாத்தையும் அணைச்சு வச்சிருக்கீங்க. அது கரண்டைக் கொண்டு வந்து யார்கிட்ட கொடுக்கும்?"

"அப்ப இந்த வெயிலெல்லாம்?"

"வீணாத்தான் போகுது."

வீண் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிப்போனது. "தெனமுமா?"

"நீங்க எப்ப நூறுல நிறுத்துனீங்களோ, அப்ப இருந்து தெனமும். உங்க பஸ்ஸையே எடுத்துக்கங்க மாமா. உள்ள இருக்கிற யாரும் எறங்கலைன்னா, ஸ்டாப்புல கை காட்டிக்கிட்டு நிக்கிறவங்களை என்ன பண்ணுவீங்க?"

அவர் விடுவிடுவென்று மாடிக்கு ஏறினார், மைத்துனனும் பின்னாலேயே வந்தான். பேனல் மேல் விழுந்துகொண்டிருந்த வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் ஒவ்வொரு மதியமும் அந்த வெயில் கை காட்டியும் நிற்காமல் போயிருக்கிறார். போனது மட்டுமல்ல, அதற்காக மனைவியை மிதிக்கவும் வைத்திருக்கிறார். கீழே அவள் மிதிக்கும் சத்தம் தடதடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. மைத்துனன் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பழையபடி மாத்தி வச்சிடு மச்சான். நான் கேட்டாலும் இனிமே மாத்தாதே" என்றார்.

கீழே இறங்கி வந்து, அவள் காலடியில் குனிந்து மிதி பெல்ட்டைக் கழற்றினார். மோட்டார் பெல்ட்டை மாட்டத் தெரியவில்லை, தலைகீழாக மாட்டினார்.  அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே மாட்டிக்கொண்டாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

அன்றிலிருந்து வேலை ஓட்டமாக ஓடியது. பள்ளிக்குக் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள், லைனில் மராமத்து என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள், மாலையில்தான் வரும் என்றார்கள். அவர் பயந்த அந்தப் பெரிய கட்டு, வானம் மூடியிருந்த ஒரு நாளாகப் பார்த்து வந்தது. பேனல்களுக்குப் பெயருக்குத்தான் வெளிச்சம். மீதியெல்லாம் பேட்டரிதான். அவள் கடைசிப் பாவாடைகளுக்கு மடிப்பு தைத்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார், வாழ்க்கையில் முதல் முறையாக. "மெத்தைக்கு அடியில வச்சிடுங்களேன்" என்று அவள் கிண்டல் செய்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு அது. ஒரு காலரை லேசாகத் தீய்த்தார், அவள் அதை மாற்றித் தைத்தாள்.

மதியம் போல போன் கீச்சிட்டது. பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்று எச்சரிக்கை. அவள் கை மெஷின் சக்கரத்தில் நின்றது. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"தைக்க எவ்வளவு பாக்கி?" என்றார் அவர்.

"ஒரு சட்டையோட கையும் பொத்தானும்தான். நிறுத்தட்டுமா?"

அவர் போனை மேசையில் குப்புறப் போட்டார். "தை. போறவரைக்கும் போகட்டும்."

 பழக்கம் ஒரு நாளில் விடுமா? அவர் கை தானாகப் போன் பக்கம் போனது, பிடித்து இழுத்துக்கொண்டார். கடைசிச் சட்டையின் கடைசிப் பொத்தானுக்கு அவள் நூலைக் கடித்தபோது ஜன்னலில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. மேகம் விலகியிருந்தது. அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். எண் ஏறிக்கொண்டிருந்தது. நூறைப் பார்த்தபோதுகூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

துணி போய்ச் சேர்ந்தது, பள்ளியில் அடுத்த வருடத்துக்கும் அவளையே சொல்லிவிட்டார்கள். லீவு நாட்களில் அவரைப் பார்க்க வேண்டுமே! மதியம் பேட்டரி தொண்ணூறைத் தொட்டதும் போனோடு அறை அறையாகப் போவார். ஃபேன்களைப் போடுவார், தண்ணீர் மோட்டாரைப் போடுவார், மனைவி கேட்காமலே இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவார். ஒவ்வொரு ஸ்விட்ச்சாகத் தட்டிக்கொண்டே, கண்டக்டரிடமிருந்து பிடித்துக்கொண்ட குரலில் சத்தம் போடுவார்:

"எறங்குறவங்க சீக்கிரம் எறங்குங்க! வெளிய ஆள் நிக்குது!"