தூங்குகிற வகுப்பின் கோரஸ்

பள்ளிக்கூட வேலையில் மூன்று மணி வரைக்கும் கிடைப்பது மரியாதை, அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் மூக்குச்சளி. சாயங்கால நேரத்தில் பொடிசுகளை மேய்த்திருக்கிற என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிளஸ் டூ முடித்துக் காலேஜ் திறப்பதற்காகக் காத்திருந்த நாட்களில், அத்தாவின் மளிகைக் கடைக்கு வருகிறவர்களை அவரவர் குரலிலேயே வரவேற்றுக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த அத்தா, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

அங்கே அப்போதுதான் ஒரு சோதனை ஆரம்பித்திருந்தது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கும் பள்ளி இனி ஐந்து மணி வரை. அம்மாக்கள் பறித்த தேயிலையைக் கடைசி எடை போட்டுவிட்டு வர அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு முன்னால் பிள்ளைகளைத் தனியாகத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு அனுப்பினால் வழியில் காட்டெருமை நிற்கும். ஆக, காரணம் நல்ல காரணம்தான். ஆனால் தலைமை ஆசிரியை சுசீலா டீச்சர் அந்த நேரத்தையும் பாடமாக்கிவிட்டார். ஒரு மாதம் பார்ப்பது, சரிப்பட்டால் வருஷம் முழுக்க. பாடம் எடுக்க நான்.

மூன்றரை மணி வியாதி

மூன்று மணிக்குச் சுண்டல். மூன்றரைக்கு ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வரும். அதைப் பார்த்ததும் முதல் பெஞ்சில் ஒரு தலை சாயும். அது பக்கத்துத் தோளில் விழ, அந்தத் தோள் அடுத்த மடியில் விழ, கடைசி பெஞ்ச் வரை சரிந்துவிடும்.

இவர்களில் பிரதீப் என்ற யு.கே.ஜி. பையனுக்குத் தவளைக்குச் சளி பிடித்தது மாதிரி ஒரு குரல். காலையிலிருந்து ஓயாமல் பேசுகிறவன் அவன்தான். அவனையே பிடித்து உலுக்கினேன். ஸ்வெட்டருக்குள்ளிருந்து பதில் மட்டும் வந்தது: "நான் இங்கதாங்க்கா இருக்கேன், கண்ணு மட்டும் ஊட்டுக்குப் போயிருச்சு."

ஒரு வாய், ஒரு வகுப்பு

தலைமை ஆசிரியையின் அறைக்கும் என் வகுப்புக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் சத்தம் நின்றால் அந்தப் பக்கம் ஒரு தொண்டைக் கனைப்பு கேட்கும். இரண்டாவது கனைப்புக்குள் டீச்சரே வந்துவிடுவார்.

பிள்ளைகளை எழுப்ப மனசு வரவில்லை. தவிர, ஆண்டவன் எனக்குத் தொண்டையை எதற்குக் கொடுத்தான்? "ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று என் குரலில் அதட்டினேன். "அணில்" என்று முதல் பெஞ்ச் ஷாலினியின் மூக்குக் குரலில் சொன்னேன். "ஆடு" என்று பிரதீப்பின் தவளைக் குரலில் சொன்னேன். நடுவில் ஒரு தும்மல், ஒரு "இவன் கிள்றான்க்கா", அதற்கு என்னுடைய ஒரு மிரட்டல். தடுப்புக்கு அந்தப் பக்கம் கனைப்பே இல்லை. அன்று முதல் தினமும் இதே கச்சேரிதான்.

சுண்டல் பாத்திரத்தை எடுக்க வந்த ஆயா ராணியக்கா, தூங்குகிற பெஞ்சுகளையும் பேசுகிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம் புள்ள, இத்தன பேருக்கும் நீயே படிச்சா, பரிச்சையும் நீயே எழுதுவியா?"

பாராட்டு

மாதக் கடைசியில் டீச்சர் என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

சோதனை பெரிய வெற்றியாம். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், வருஷம் முழுக்க ஐந்து மணி வரை பாடம் என்று அறிவிக்கப் போகிறாராம். இங்கிலீஷும் கூடச் சேருமாம். அந்தப் பிஞ்சுகளைத் தூங்கவிடத்தான் நான் குரல் கொடுத்தேன். அதே குரல் இப்போது அவர்களை வருஷம் முழுக்கப் பெஞ்சில் கட்டிப்போடப் போகிறது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆயிரம் குரல் வரும் வாயில் அப்போது பார்த்து ஒன்றுகூட வரவில்லை.

டீச்சர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சின்னப் பிள்ளைங்க தாங்காதுன்னு எத்தனை பேர் பயமுறுத்தினாங்க தெரியுமா? எனக்கே அலுப்பா இருக்கிற நேரத்துல அந்தப் பிரதீப் குரலைக் கேட்டாத்தாம்மா தெம்பு வருது."

காய்ச்சல்காரன் குரல்

வியாழக்கிழமை, கூட்டத்துக்கு முந்தின நாள். நல்ல மழை. வகுப்பு மொத்தமும் புத்தகப் பைகளின் மேல் சுருண்டு கிடந்தது. மறுநாள் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே, வாய் பழக்கத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "பிரதீப், பன்னண்டுக்கு அப்புறம்?" தவளைக் குரல் கம்பீரமாக எழுந்தது: "பதிமூணு!"

கதவு திறந்தது. டீச்சர்.

நான் மறந்துபோன விஷயம் இதுதான். பிரதீப்புக்கு மத்தியானமே காய்ச்சல். அவனைத் துண்டில் சுற்றி அவன் அம்மாவிடம் ஒப்படைத்ததே சுசீலா டீச்சர்தான்.

அடுத்த எண்ணுக்காகத் திறந்த வாயை மூடத் தோன்றாமல் நின்றேன். வேலை போயிற்று, அத்தாவிடம் என்ன சொல்வது என்று மனசு ஓடியது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் ஷாலினியை, அவள் வயிற்றில் தலை வைத்திருந்தவனை, பெஞ்சுக்கு அடியில் உருண்டுவிட்ட இன்னொருவனை என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, காற்று மாதிரி ஒரு குரலில் சொன்னார்: "பிரதீப்பை உட்காரச் சொல்லு, மத்ததுங்க எந்திரிச்சிரப் போகுது."

கூட்டம்

வெள்ளிக்கிழமை டீச்சர் எதையும் பூசி மெழுகவில்லை. பிள்ளைகளால் முடியவில்லை, நானே கண்ணால் பார்த்தேன், திங்கட்கிழமையிலிருந்து பழையபடி மூன்று மணிக்கே விட்டுவிடுகிறோம் என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் மூச்சு விடுவதற்குள் அம்மாக்கள் பக்கம் சலசலப்பு. மூன்று மணிக்கு விட்டால் கடைசி எடையை யார் போடுவது, காட்டெருமைக்கு யார் பதில் சொல்வது? பிரதீப்பின் அம்மா செல்வியக்கா இலை பறிக்கும்போது இடுப்பில் கட்டிய படுதாவோடு எழுந்தார். "ஏனுங்க டீச்சர், அஞ்சு மணி மட்டுக்கும் வெச்சிருங்கன்னுதானுங்க கேட்டோம். படிக்க வெய்யுங்கன்னா கேட்டோம்? சும்மா தூங்கட்டுமுங்க, நாங்க வந்து எழுப்பிக்கறோம்."

டீச்சர் சிரித்துவிட்டார். பாடம் மூன்று மணியோடு சரி, அதற்குப் பிறகு பாய், விளையாட்டு, கதை என்று முடிவாயிற்று. கதை சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

திங்கட்கிழமை பிரதீப் காய்ச்சல் விட்டு வந்தான். ராணியக்கா விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. புதுப் பாயில் படுத்துக்கொண்டு ரொம்ப அக்கறையாக என்னைக் கேட்டான்: "அக்கா, நான் இல்லாதப்ப நான் சரியாச் சொன்னேனா?"

ஆகவே, சின்னப் பிள்ளைகளுக்கு நீளமான பள்ளி நல்லதா என்று யாராவது கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், ரொம்ப நல்லது, பாய் மட்டும் மறக்காமல் வாங்கிப் போட்டால்.