கதவு நிலையில் ஒரு ‘கு’

எங்கள் வீட்டுக் கதவு நிலையில், வலது பக்கம், தோள் உயரத்தில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. முதலில் ஒரு ‘வ’, அதன் மேல் குறுக்குக் கோடு. பக்கத்தில் ‘கு’. இரண்டும் ஒரே நீல மார்க்கரில் ஒரே ஆள் எழுதியவை. முதல் எழுத்து என் வாயால் வந்தது. இரண்டாவது, எங்கள் தெருவில் குப்பை வாங்க வந்த அக்காவால் வந்தது. அந்த அக்காவின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். நான்கு வருஷத்துக்கு மேலாகியும் அது உறுத்துகிறது.

காலையில் விசில் சத்தம் கேட்டால் அக்கா வந்துவிட்டது என்று அர்த்தம். பச்சைச் சேலை, மேலே ஆம்பளைச் சட்டை, கையில் உறை. தள்ளுவண்டியில் இரண்டு பக்கமும் டப்பாக்கள், மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததுக்கு ஒன்று. எனக்கு அது முதலில் பிடிபடவே இல்லை. வெங்காயத் தோலையும் பால் கவரையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போய் நிற்பேன். “ஏழாவதோட நின்னவக்கா, நான் மக்கு” என்று ஒருநாள் சொன்னேன். அக்கா சிரிக்காமல், “மக்குறதுதான் நல்லது கண்ணு, மக்காததுதான் பேஜாரு” என்றது. அன்றைக்கெல்லாம் தைத்துக்கொண்டே நினைத்து நினைத்துச் சிரித்தேன். என்னை மக்கு என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அதை நல்லது என்று சொன்னது அந்த அக்கா ஒருத்திதான்.

நான் வீட்டிலிருந்தே ஷூவுக்கு அப்பர் தைக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்பார்கள். கம்பெனியில் தோலை வெட்டி, ஓட்டை போட்டு, எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். ஊசியும் நூலும் கோத்து இழுப்பது மட்டும் எங்கள் வேலை. என் வீட்டு முன்னறையில் காற்று வரும் என்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் தங்கள் பங்கைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவார்கள். ஆறு பேரும் தைப்போம், வாய் ஓயாது. அவ்வளவுதான் தொழில்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்குழாய்ச் சுவரில் நகராட்சி நோட்டீஸ் ஒன்று ஒட்டினார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பயனாளர் விவரம் சேகரிப்பு’. அதற்குக் கீழே இருந்ததைப் பசைக்கு ஆசைப்பட்டு ஆடு தின்றுவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பயனாளி. வீடு கட்டப் பணம், தையல் மெஷின் என்று எது வந்தாலும் பயனாளிகள் பட்டியல் என்றுதானே ஒட்டுவார்கள்? பயனாளர் என்றால் இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு, அந்த ஒரு நாள் மட்டும் எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மறுவாரம் நகராட்சி சூப்பர்வைசர் வீடுவீடாக வந்தார். “வீட்டுல தொழில் ஏதாவது நடக்குதாம்மா?” என்று கேட்டார். மற்றவர்கள் இல்லை என்றார்கள். நான்தான், விட்டால் போய்விடுமே என்று, “ஆறு பேர் ஷூ தைக்கிறோம் சார், நல்லா எழுதிக்கோங்க” என்றேன். அவர் எழுதிக்கொண்டு நிலையில் ‘வ’ போட்டார். வழங்கலாம் என்பதற்கு ‘வ’ என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த மாதம் சீட்டு வந்தது. திடக்கழிவு மேலாண்மை, பயனாளர் கட்டணம், வகை: வணிகம். குப்பை அள்ளுவதற்கு நாம் கொடுக்க வேண்டிய காசு அது. மற்ற வீடுகளைவிட எங்கள் வீட்டுக்குப் பல மடங்கு. குழாயடிக்குப் போனால், “பயனாளி வர்றாங்க, எழுந்து வழி வுடுங்கடி” என்று சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கார பாய் சீட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, என் வூட்ட கம்பெனியாக்கிட்டியா? நாளைக்கு வீட்டு வரி, கரண்டு எல்லாம் கடை ரேட்டுக்கு ஏத்திட்டான்னா நான் எங்க போவேன்? இத மாத்திக் குடு. முடியலன்னா வேற எடம் பாத்துக்க” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் என்னைப் போலவே பயம். இந்த வாடகைக்கு, ஆறு பேர் உட்கார்கிற முன்னறையோடு வேறு வீடு எங்கே கிடைக்கும்?

ஒருநாள் காலை வண்டியோடு சூப்பர்வைசரும் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன். “நீங்கதானம்மா சொன்னீங்க, ஆறு பேருன்னு. எழுதினத எப்பிடி மாத்துறது?” என்றார். அக்கா என் கையிலிருந்த, மக்காத குப்பை போடுகிற நீலக் கூடையை வாங்கி, தரையில் சாக்கை விரித்து அப்படியே கவிழ்த்தது. பால் கவர், ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை, அப்புறம் கறுப்பு நூல் முனைகள் ஒரு பந்து.

“சார், இந்த வூட்டுக் குப்பைய தெனம் பாக்குறவ நானு. கம்பெனின்னா தோலு வரணும் இல்ல? ஒரு துண்டு காட்டுங்க. நாலு நூலு முனை. இதுக்கா கடை ரேட்டு?”

“உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? வண்டியத் தள்ளு.”

“தள்ளுறேன் சார். நீங்க பாத்துட்டு சொல்லுங்க, தள்ளுறேன்.”

அவர் பேனா முனையால் அந்த நூல் பந்தைப் புரட்டினார். அடியிலும் நூல்தான். பிறகு சீட்டை வாங்கித் திருத்திக் கையெழுத்துப் போட்டார். நிலையில் ‘வ’வை அடித்துப் பக்கத்தில் ‘கு’ எழுதினார்.

அவர் நகர்ந்ததும், “‘கு’ன்னா இன்னாக்கா, குப்பையா?” என்று கேட்டேன். அக்கா சாக்கை உதறிக்கொண்டே, “குடியிருப்பு. வூடுன்னு அர்த்தம். போய் தையி” என்றது.

அடுத்த மாதத்திலிருந்து அக்கா வரவில்லை. புதிதாக வந்த பெண், “ஏரியா மாத்திட்டாங்க” என்றாள். எனக்காகப் பேசியதால்தானோ என்று அன்று பிடித்த கவலை என்னை விடவே இல்லை. ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் அதிகாரியை எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் மாதனூர் போகிற பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். அதுக்கு என் முகம் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு, “நீ நூலு வூடு தானே?” என்றது. என் கவலையைச் சொன்னேன். “உன்னாலயா? நீ இன்னா கலெக்டரா? என் பொண்ணு வூட்டுக்குக் கிட்டன்னு நானே கேட்டு வாங்கினேன்” என்று சிரித்தது. உண்மையைச் சொன்னதா, என் சுபாவம் தெரிந்து சொன்னதா என்று வீடு வரும்வரை யோசித்தேன். பெயர் கேட்க அப்போதும் மறந்துவிட்டேன்.

இப்போது பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, விசில் இல்லை. போன வாரம் பாய் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பினார். நிலைக்கு வந்ததும் பெயிண்டர் பிரஷை நிறுத்தி, “இன்னாக்கா இது, ‘கு’ன்னு? அடிச்சிடவா?” என்று கேட்டார்.

“வூடுன்னு அர்த்தம். சுத்தி அடிச்சிட்டுப் போங்க” என்றேன்.