யாருக்கும் பொருந்துகிற நாலு வரி

கோரிப்பாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். பரீட்சையில் நயம் பாராட்டுக என்று ஒரு கேள்வி வரும். ஒரு கவிதையைக் கொடுத்து அதன் அழகை எழுதச் சொல்வார்கள். கவிதையைப் படித்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது என் கட்சி. திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை என்று தலைப்புகளை வரிசையாகப் போடு. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, கடைசி ஒத்தால் இயைபு. அடிக்கோடு போடு, மார்க் விழும். கவிதை புரிய வேண்டாமா சார் என்று ஒரு பிள்ளை கேட்டாள். புரிந்தால் சந்தோஷம், புரியாவிட்டாலும் பாதகமில்லை என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆனபோது நினைவஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் போஸ்டர் இல்லாமல் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. படத்துக்குக் கீழே நாலு வரிக் கவிதை கட்டாயம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலமெல்லாம் அப்பாவோடு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவள். அவரைப் பற்றி யாரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. அப்படிப்பட்டவள், அந்த நாலு வரியை நான்தான் சொல்வேன் என்று எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“சோத்துல உப்பு இல்லேன்னா சொல்ல மாட்டாருப்பா. அம்புட்டையும் தின்னு முடிச்சிட்டு, நான் சாப்பிட உக்காரையில உப்பு டப்பாவ எம்பக்கம் நகட்டி வைப்பாரு. இதப் போடு.”

இன்னும் மூன்று சங்கதி சொன்னாள். ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் பாதிக் காதோடு குறித்துக்கொண்டேன். மோனை இல்லை, அணி இல்லை, ஓசையும் இல்லை. உப்பு டப்பாவைச் சுவரில் ஒட்டினால் தமிழ் வாத்தியாரின் லட்சணம் இதுதானா என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு நானே எழுதினேன். மலையென நின்றாய், மலரென மலர்ந்தாய், மழையெனப் பொழிந்தாய், மறைந்தும் நிறைந்தாய். அப்பா ஐந்தடி உயரம். எதிரே ஆள் வந்தால் வரப்பைவிட்டு இறங்கி வழிவிட்டே பழகிய மனிதர். அவர் எந்தக் காலத்தில் மலையென நின்றார்?

போஸ்டர் வந்ததும் அம்மா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நான் சொன்னது எங்கே வருகிறது என்று மெதுவாகக் கேட்டாள். எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம், இதுதான் திரண்ட கருத்து என்று அவளிடமும் பாடம் நடத்தினேன். படித்த மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள். சொந்தக்காரர்கள் வேறு ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரெண்டு மாதம் கழித்து வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் போனபோது ஒரு சுவரில் அதே நாலு வரியைப் பார்த்தேன். மேலே பெரிய மீசையோடு யாரோ ஒருவர். நேரே போஸ்டர் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“அண்ணே, அம்சமான கவிதைண்ணே. யாரு படத்துக்குக் கீழ போட்டாலும் பொருந்துது. அதான் எடுத்து வச்சுக்கிட்டேன்.”

அவன் சொன்னது உண்மை.

வீட்டுக்கு வந்து நோட்டும் பேனாவுமாக அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல், இந்தத் தடவை ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று கெஞ்சினேன். உப்பு டப்பா மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது. மற்ற மூன்றும் சுத்தமாகப் போய்விட்டன. அந்த ஒன்றைச் சொல்லி எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். அப்படியா சொன்னேன், இருக்கும் என்றாள். வெகுநேரம் யோசித்தாள். ஒன்றும் வரவில்லை.

பிறகு முகம் தெளிந்து, பக்கத்து வீட்டுக்காரியைத் தினமும் போஸ்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, மலையென நின்றாயிலிருந்து மறைந்தும் நிறைந்தாய் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“சரியாச் சொல்றேனாப்பா?”

சரிதாம்மா என்றேன்.