அம்மா கையில் டெலீட் பட்டன்

போன மாதம், மாமல்லபுரம் கடற்கரையில், என் பல ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பை அம்மா ஒரே நொடியில் முடித்துவைத்தாள்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு காயலான் கடை. பழைய மிக்ஸியைப் போட்டுவிட்டு வரப் போனவன், ஒரு ஃபிலிம் கேமராவோடு திரும்பினேன். லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. ஷட்டர் அசையவே இல்லை. வீடியோ பார்த்துப் பார்த்து, ஸ்பிரிட்டும் பஞ்சுமாகத் துடைத்து உயிர் கொடுத்தேன். பின்கதவைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் பிசினாக உருகியிருந்தது. அந்த இடுக்கில் வெளிச்சம் புகுந்தால் ஃபிலிம் காலி. அம்மாதான் தன் உல்லன் உருண்டையிலிருந்து கறுப்பு நூலை நறுக்கிக் கொடுத்தாள். அதையே ஒட்டி அடைத்தேன்.

எதற்கு இவ்வளவு பாடு? அம்மாவை ஒரு போட்டோ எடுக்கத்தான்.

செல்போன்தான் இருக்கிறதே என்பீர்கள். எடுத்த மறுநொடியே "குடு, பாக்கலாம்" என்று பிடுங்குவாள். "மூஞ்சியப் பாரு, ஊதிப்போய் கீது." டெலீட். தங்கை கல்யாணத்திலும் இதே கதைதான். போனில் ஆயிரக்கணக்கில் படம்... வேண்டியவர் படம் மட்டும் இருக்காது. உங்கள் வீட்டில் எப்படி?

அப்பாவும் இப்படித்தான். அவர் போனபோது உருப்படியாக ஒரு படம் இல்லை. வோட்டர் ஐடியில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினோம். போலீஸ் பிடித்து வந்தவர் மாதிரி இன்றும் ஹாலில் முறைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று எனக்குப் பயம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஃபிலிமில் டெலீட் கிடையாதே! அந்தத் தைரியத்தில்தான் மாமல்லபுரம் கூட்டிப்போனேன். பாறை முன்னால் அம்மா, அலையில் கால் நனைக்கும் அம்மா — ஆசை தீர எடுத்தேன். டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், அவள் மடியில் கேமரா திறந்து கிடக்கிறது.

"இன்னாம்மா பண்ணே?"

"போட்டோ எப்டி வந்துகீதுன்னு பாத்தேன். உள்ள வெறும் பழுப்பு நாடாதான் கீது."

"அத எப்டித் தொறந்தே?"

"கதவுக்கு நூல் குடுத்தவளே நான்தான். எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேமராவை மூடிவிட்டு டீயைக் குடித்தேன்.

மனசு கேட்காமல் ரோலைக் கழுவக் கொடுத்தேன். கடற்கரைப் படங்கள் மொத்தமும் வெள்ளை. சுருளின் அடியில் இருந்ததால் ஒன்றே ஒன்று தப்பித்திருந்தது. ரோல் மாட்டிய அன்று, ஷட்டர் வேலை செய்கிறதா என்று வீட்டில் சும்மா தட்டிப் பார்த்தது. எதிரில் யார் என்றுகூட அப்போது கவனிக்கவில்லை. அம்மாதான். மடியில் நூல் உருண்டை. என் ரிப்பேர் வேலையைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

பிரிண்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, சுவரில் அப்பாவைப் பார்த்தாள்.

"இதயே வெச்சிக்கோ. நான் போனப்புறம் வோட்டர் கார்டு மூஞ்சிய மாட்டினே... எய்ந்து வந்து உதைப்பேன்."

நெகட்டிவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஒளித்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் எந்தக் கதவையும் திறக்கத் தெரியுமே.