லைப்ரரி வராத காலை

ரத்த வங்கியின் இணையப் பக்கத்தைப் பராமரிப்பவரை எல்லோரும் அக்கா என்றே அழைப்பார்கள். ரத்தம் கேட்கும் படிவத்தை அழகாக்க, வெளியார் எழுதித் தங்கள் சர்வரிலிருந்து தரும் ஸ்கிரிப்ட் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பைச் சேர்த்த அன்றும் அவர் தம் வழக்கத்தை விடவில்லை. அது வராவிட்டால் என்ன ஆகும் என்று அறிய, உலாவியில் ஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தார். போகவில்லை. அனுப்பும் வேலை முழுவதும் லைப்ரரியின் கையில் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, அது இல்லாவிட்டாலும் படிவம் நேராக சர்வருக்குப் போகும்படி மாற்றினார்.

"லைப்ரரி வராம எங்கக்கா போயிடும்?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"கூப்பிட்டதும் ஓடி வர அது என்ன உன் மச்சானா?"

"என் மச்சானும் வர மாட்டான்க்கா."

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, லைப்ரரியைத் தரும் சர்வர் படுத்துவிட்டது. பக்கம் அலங்காரமிழந்து வெறும் பெட்டிகளாக நின்றது. எங்கோ ஒரு பிரசவ அறை வாசலில், மனைவிக்கு அரிய வகை ரத்தம் தேடிய ஒருவர் அந்தப் பெட்டிகளை நிரப்பி அனுப்பினார். கோரிக்கை உடனே வந்தது, ரத்தமும் புறப்பட்டது.

தாயும் பிள்ளையும் நலம் என்று மாலையில் வந்த செய்தியை மேசைக்காரர் வாசித்துக் காட்டினார். முகமறியாத ஒருவரின் ஆபத்தில் உதவ மூன்று வாரம் முன்பே வழி திறந்து வைத்திருந்த அக்கா, ஸ்கிரிப்டை அணைத்துவிட்டு அடுத்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.