ஒரே ஒரு சிறுத்தைதான், பயப்பட வேண்டாம்

இல்லாத மிருகத்துக்குக் காவல் இருப்பதுதான் என் வேலை. வேட்டைத் தடுப்புக் காவலர் என்று காகிதத்தில் பெயர். ஊரில் எல்லோருக்கும் நான் கார்டு. வெண்ணந்தூர்ப் பக்கத்தில் கரடு என்று சொல்கிற சின்னப் பாறைக் குன்றுகளில், கள்ளிக்கும் காய்ந்த உசிலைக்கும் நடுவே பதினொரு வருடமாக நடக்கிறேன். வராத டவுன் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்றவர்கள், அமையாத வரனுக்காக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பிழைப்பை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஒரு காலத்தில் இங்கே சிறுத்தை இருந்ததாம். அது தின்ன வேண்டிய முயலையும் பன்றியையும் நாம் கண்ணி வைத்துத் தின்றோம். பாதிக் கரட்டை ஜல்லியாக உடைத்து ரோட்டில் கொட்டினோம். நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு முன்பே அது போய்விட்டது. என்றைக்காவது திரும்பி வரும் என்று ஒருவன் நம்பிக்கொண்டு நடக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் என்னைப் போட்டிருந்தார்கள்.

அன்னக்கூடைக்குக் கீழே

மாதத்துக்கு இரண்டு மூன்று போனாவது வரும், சிறுத்தைத் தடம் பார்த்தேன் என்று. ஒருமுறை கூப்பிட்டவர் வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுபவர். தறிக் கொட்டகைக்குப் பின்னால் ஈர மண்ணில் தடம். அது கலைந்துவிடக் கூடாதென்று வீட்டு அன்னக்கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லும் வைத்திருந்தார். தெருவே கூடி நின்றது. தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்திருந்தார்கள்.

அன்னக்கூடையைத் தூக்கினேன். நான்கு விரலுக்கு முன்னாலும் நகம் பதிந்திருந்தது. சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நகம் தெரிந்தால் அது நாய். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்: "நாயின்னு மட்டும் எழுதிப்போடாதீங்க சாமி, சம்பந்தி ஊடு வரைக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்."

ஆட்டின் பின்புறம்

அப்புறம் எங்களுக்குத் தானியங்கிக் கேமரா கொடுத்தார்கள். மரத்தில் கட்டிவிட்டால், எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கும். ஒரு வருடம் முழுக்க அது பிடித்தது ஆடு, மயில், விறகுக்கு வந்த பெண்கள், சரக்கு பாட்டிலோடு வந்த நான்கு கனவான்கள். ஆடுகள் மட்டும் பெரும்பாலும் பின்புறத்தைத்தான் காட்டின.

போன ஆடி மாதம் ஒரு காலையில், கேமராவின் மெமரி கார்டில் வந்த படங்களை நானும் என்னோடு வேலை பார்க்கும் முருகேசனும் தள்ளிக்கொண்டே வந்தோம். ஆடு, ஆடு, மயில், ஆடு. அடுத்ததில் சிறுத்தை. முழு உடம்பும் தெரிந்தது. வால் நுனி மட்டும் எப்போதோ ஒடிந்து கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. பெண்ணாக இருந்தால் நாளைக்குக் குட்டி போடும், கரடு பழையபடி ஆகும் என்று மனசு எங்கேயோ ஓடியது. முருகேசன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது, ஆறு வருடமாகப் பெண் தேடிக்கொண்டிருக்கிறான்.

"ஆணுங்கண்ணா. நம்மூர்ப் பசங்களுக்கே பொண்ணு கிடைக்கல, இது எங்கீங்க போய்த் தேடும்?"

டீக்கடை வாசல்

அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீக்கடைக்காரரிடம் பழைய வீடியோ இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். கடை வாசல் கேமராவில், ஒரு விடியற்காலை, பால் கேனுக்குப் பின்னால் அரை நிமிடம் ஒரு உருவம். கொக்கி வால்! அதேதான்.

ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி, வீடுகளுக்கு இடையே நுழைந்து, ஆத்தூர் ரோட்டில் லாரிகளுக்குத் தப்பி, கரடு கரடாகத் தாண்டி எங்களிடம் வந்திருக்கிறது. பஸ்ஸிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகிற தூரம். இவ்வளவு கஷ்டப்பட்டு எங்கள் மொட்டைக் கரட்டைத் தேடி வந்ததே என்று எனக்கு ஒரே பெருமை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்களைத் தேடி வரல சார், எங்க தொல்லை தாங்காமப் போயிருக்கும்."

மைக் ஆட்டோ

படம் எப்படியோ வாட்ஸப்பில் பரவிவிட்டது. ஒரு சிறுத்தை ஒரே வாரத்தில் ஏழு ஆனது, குட்டிகள் தனி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பயந்தார்கள். பயத்தைப் போக்க அறிவிப்புச் செய்யலாம் என்று யோசனை சொன்னது நான். எழுதியது நான். குரலும் என்னுடையதுதான்: "நமது பகுதியில் இருப்பது ஒரே ஒரு சிறுத்தைதான், பொதுமக்கள் யாரும் பயப்பட வேண்டாம்." கோயில் பண்டிகைக்கு ஓடுகிற மைக் ஆட்டோவில் போட்டு, மூன்று நாள் ஊர் ஊராகச் சுற்றினோம். பொய் எதுவும் சொல்லவில்லை என்பதால் நல்ல தூக்கமும் வந்தது.

கரட்டடியில் ஆட்டோவை நிறுத்தினாள் ராசாத்தி. புருஷன் போர்வெல் வண்டியோடு வடக்கே போய்விட்டான். அவள் ஒருத்தியாக ஆடு மேய்த்துக்கொண்டு, பத்து வயது மகளைத் தினமும் கரட்டோர வழியாகப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போகிறாள். இரண்டு ஆட்டைச் சிறுத்தை ஏற்கெனவே தூக்கியிருந்தது. என்னைக் கீழே இறங்கச் சொல்லி, கண்ணைப் பார்த்துக் கேட்டாள். ஒன்றுதான் அம்மணி, சத்தியமாக ஒன்றுதான் என்றேன்.

"ஒண்ணேதானுங்களே? அப்பச் சரிங்க கார்டு."

வாக்குமூலம்

மூன்றாவது ஆட்டை அது பாதி தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சத்தைத் தின்னத் திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து, வறண்ட ஓடையில் முருகேசன்தான் முதலில் பார்த்தான். தண்ணீர் தேடிப் போயிருக்கிறது. வாயெல்லாம் நுரை. ஒடிந்த வால் மணலில் கிடந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராசாத்தி ஓடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மிச்ச ஆட்டில் தடவியது பருத்திக்கு அடிக்கிற மருந்து என்று டப்பாவை அவளே எடுத்துக் கொடுத்தாள். வழக்குப் பதிவானது. அவள் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தை எழுதியது என் கை. எல்லாவற்றையும் எழுதினேன், கடைசியாக அவள் சொன்ன ஒன்றைத் தவிர. அதை எழுதுகிற தைரியம் எனக்கு இல்லை. அவளும் காகிதத்தைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததை உங்களிடம்தான் சொல்கிறேன்.

"ஏழெட்டு இருந்தா நான் எதுக்குங்க மருந்து வெக்கறேன், ஒண்ணுதான்னு நீங்கதானுங்களே மைக்குல சொன்னீங்க, அது போச்சுன்னா என்ற புள்ள பயமில்லாமப் போகுமின்னு நெனச்சனுங்க."

பதினெட்டு நகம்

செத்த சிறுத்தையைப் புதைப்பதில்லை, எரிப்போம். அதற்கு முன் பதினெட்டு நகமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணியது நான்தான். உயிரோடு இருந்தபோது தொட்டதில்லை. அன்றைக்குத்தான் அதன் பாதத்தைக் கையில் பிடித்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

அந்த வாரம் மளிகை வாங்கச் செவ்வாய்ப்பேட்டை போயிருந்தேன். எனக்கு வெகுநாள் பழக்கமான கடைக்காரர், நல்ல மனிதர், துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே துக்கம் விசாரித்தார். பாவம் வாயில்லா ஜீவன் என்று உச்சுக்கொட்டினார். பேரனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறதாம். சாமானைக் கட்டி என் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார்: "எரிச்சா சாம்பல்தானேங்க, ரெண்டே ரெண்டு நகம் எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?"

கேமராவை அவிழ்க்கப் போன நாள்

அடுத்த மாதம் கேமராவை வேறு ஊருக்குக் கேட்டார்கள். இங்கே இனி எதற்கு? அவிழ்த்து எடுத்து, வழக்கப்படி படங்களைப் பார்த்தோம். ஆடு, மயில், ஆடு. கடைசியிலிருந்து மூன்றாவது படத்தில் ஒரு சிறுத்தை எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தது. உடம்பு சின்னது. வால் நேராக இருந்தது. கீழே இருந்த தேதிப்படி, ஓடையில் செத்துக் கிடந்ததை நாங்கள் கண்டெடுத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

முருகேசன் படத்தைப் பெரிதாக்கினான், சின்னதாக்கினான், மறுபடி பெரிதாக்கினான். பிறகு கேமராவைப் பையில் போடாமல், எழுந்து போய் அதே மரத்தில் திரும்பக் கட்டினான். கட்டி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"பொண்ணுங்கண்ணா. ஆபீசுல மட்டும் சொல்லிக்கலாமுங்க, மைக் வேண்டாமுங்க."

இப்போது ஊரில் யார் கேட்டாலும் கரட்டில் சிறுத்தை இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறேன். இல்லாத மிருகத்துக்குக் காவல் இருந்தவனுக்கு, இருப்பதை இல்லை என்று சொல்லிக் காக்கிற பதவி உயர்வு பதினொரு வருடம் கழித்துக் கிடைத்திருக்கிறது.